கடைவாய் ஈயம்

“இந்தப் புது டொக்டர் லேசில பல்லுப் புடுங்கமாட்டாவாம்,” என்றார் சிவபாதம். கிளினிக் வாசலில் கிடந்த நீள வாங்கின் மறுகோடியில் குந்தியிருந்து, வீங்கிய கன்னத்தைத் துவாயால் பொத்திக்கொண்டு, உள்ளறைக் கதவையே பார்த்தபடி இருந்தார். “கேள்விதான் கேப்பாவாம். என்ன சாப்பிடுறனீங்கள், எத்தினை மணிக்குப் படுக்கிறனீங்கள், தேப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்ததோ எண்டு. நான் பல்லுக் காட்ட வந்தனானோ, கலியாணம் பேச வந்தனானோ?”

யூலியானா பக்கென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய தாய் ஜெனீற்றாவுக்கும் சிரிப்பு வந்தது. வலது கடைவாய் விடவில்லை. முந்தாநாள் வேலையில் இருக்கும்போது அந்தப் பல் ‘டக்’ என்றது. அதிலிருந்து காற்றுப் பட்டாலும் காதுவரைக்கும் இழுக்கிறது.

“பரமலிங்கம் டொக்டர் எண்டால் இந்நேரம் எல்லாரையும் அனுப்பியிருப்பார்,” என்றாள், நாக்கு பல்லில் படாமல் மடித்துவைத்துக்கொண்டு.

“அந்தாளும் டொக்டரோ? அது தேங்காய் பறிக்கிற மாதிரியெல்லோ,” என்றார் சிவபாதம். “ஆனாலும் தங்கச்சி, பறிச்சது விழும்.”

உண்மைதான். ஊர்காவற்றுறையில் தெருவோரமாக இருந்த இந்தச் சின்னக் கிளினிக்கில் பரமலிங்கம் டொக்டர் இருந்த காலம் முழுக்க, அவரோடு யாரும் கதைத்துக் கண்டதில்லை. போய் இருக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், பல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும். “இதுவோ?” என்பார். ஓம் என்றால் ஊசி, குறடு, பஞ்சு. கடலுக்குப் போகிறவனுக்கும் தோட்டம் கொத்துகிறவனுக்கும் அதுதான் வசதி. நோகிற பல்லுக்காக ஒரு நாள் உழைப்பை விட்டவன் இன்னொரு நாளை விடமாட்டான். ஜெனீற்றாவின் வாயிலிருந்து அவர் எடுத்ததெல்லாம் அவள் காட்டிய பற்கள்தான். பல்லைப் பிடித்திருக்கிற முரசு ஏன் கறுத்திருக்கிறது என்று ஒருமுறை அவளாகவே கேட்டாள். “வயசு போனால் முரசும் கறுக்கும். நீர் என்ன கலியாணப் பொம்பிளையோ?” என்று சிரித்துக்கொண்டே சுரண்டி விட்டார். அவருக்கு அவளுடைய பெயர் தெரியாது. ‘எழுவைதீவுக் கடைவாய்’ என்றுதான் கூப்பிடுவார். இப்போது நினைத்தால் அதில் ஒரு நிம்மதி இருந்தது. அவர் மகனோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். வாங்கு அதே வாங்கு, மின்விசிறி அதே கிறீச்சிடும் மின்விசிறி. ஆள்தான் புதிது. நிலாந்தினி என்று பலகையில் எழுதியிருந்தது. வவுனியாப் பக்கத்துப் பெட்டையாம், இன்னும் கலியாணம் ஆகவில்லையாம். இதுவும் சிவபாதம் சொன்னதுதான்.

எழுவைதீவில் தாய்க்கும் மகளுக்கும் வலைக்கு ஈயம் கட்டுகிற வேலை. முதலாளி புது வலையைப் படகில் அனுப்புவார். விறாந்தையில் போட்டு, அதன் அடிக்கயிறு நெடுக ஈயத்துண்டுகளைக் கவ்வவைக்க வேண்டும். பிளந்த துண்டைக் கயிற்றில் கொளுவி நெரித்தால் சரி. குறட்டால் நெரிக்கலாம். ஆனால் கயிற்றை இழுத்துப் பிடிக்க ஒரு கை, ஈயத்தைப் பிடிக்க ஒரு கை போனபிறகு குறட்டுக்குக் கை எங்கே? போதாததற்குக் குறடு நைலோன் நூலையும் சேர்த்து நசித்துவிடும். பல்லு அப்படியில்லை. எவ்வளவு கடிப்பது, எங்கே நிற்பாட்டுவது என்று அதற்குத் தெரியும். ஒரு பிடி ஈயத்தை அள்ளி இடப்பக்கக் கொடுப்புக்குள், கன்னத்தின் உட்புறம், அடைத்துக்கொள்வார்கள். நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுக்கும், வலது கடைவாய் கடிக்கும். வாய் நிறைய ஈயம் இருக்கும்போது கதைக்க ஏலாது. ஈயம் கட்டுகிற வீடுகளில் காலையில் சத்தமே இராது. மத்தியானம் வாயைக் கொப்பளித்துத் துப்பினபிறகுதான் ஊர்ப்புதினம் தொடங்கும். ஜெனீற்றாவுக்குத் தாய் பழக்கினாள். யூலியானாவுக்கு ஜெனீற்றா பழக்கினாள். இப்போது வேலை வேகத்தில் தாயைவிட மகள்தான் கெதி.

யூலியானாவுக்கு இது ஐந்தாம் மாதம். முதலாவது தங்கவில்லை. விடியப்புறம் ஒன்றில் குசினி வாசலில் இருந்து “அம்மா” என்று கூப்பிட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மருமகன் றெக்ஷனின் தாய் கோயில் முற்றத்தில் ஜெனீற்றாவை மறித்து, “உங்கட பகுதியில இது வழக்கமோ?” என்று கேட்டாள். யூலியானாவுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஜெனீற்றாவுக்கும் போனது தீவு முழுக்கத் தெரியும். பூசைக்கு வந்த சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஜெனீற்றா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். இந்தமுறை அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வரக்கூடாது என்று மகளைத் தண்ணீர் அள்ள விடுவதில்லை, விறகு தூக்க விடுவதில்லை, கருவாடு காயப்போட வெயிலில் இறங்க விடுவதில்லை. இருந்த இடத்தில் இருந்து செய்கிற வேலை என்று ஈயத்தை மட்டும் விட்டிருந்தாள்.

“அடுத்த ஆள் வாங்கோ,” என்று குரல் கேட்டது. சிவபாதம் கதவைப் பார்த்தார், பிறகு ஜெனீற்றாவைப் பார்த்தார். “நீர் தூரத்துக்குப் போற ஆள். முதல் நீர் போம்,” என்றார் பெருந்தன்மையாக.

உள்ளே கதிரையும் பழைய கதிரைதான். ஆனால் அவள் சாய்ந்ததும் அது பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. பரமலிங்கம் டொக்டரின் காலத்தில் அது சரியாது. பழுது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தலை கீழேயும் கால் மேலேயும் கிடக்க, ஜெனீற்றா சீலைக்கரையைக் கணுக்காலோடு இழுத்துப் பிடித்தாள்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. உங்கட பேர் என்ன?”

“ஜெனீற்றா.”

“எந்தப் பல்லு நோகுது?”

விரலால் காட்டினாள். குறடு வரும் என்று கண்ணை மூடினாள். வரவில்லை.

“சரி. முழு வாயையும் ஒருக்காப் பாப்பம்.”

உப்புக் கேட்டு வந்த அயலட்டைக்காரி நேரே அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்ததுபோல இருந்தது ஜெனீற்றாவுக்கு. நீளக்காம்புக் கண்ணாடி பல்லுக்குப் பின்னால் போனது, கொடுப்புக்குள் போனது, மேலே போனது. ஓரிடத்தில் நின்றது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் இரண்டும் கிட்ட வந்தன.

“வெத்திலை போடுறனீங்களோ?”

ஜெனீற்றா ஒருநாளும் வெற்றிலை போட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு வழி இருப்பதுபோலப் பட்டது.

“ஓம்.”

“வெத்திலை எண்டால் பல்லெல்லோ சிவக்கும். உங்கட பல்லில காவியே இல்லை. முரசுதான் கறுத்திருக்கு.” குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது. “இந்தக் கடைவாய் நடுவால பிளந்திருக்கு. பல்லால என்ன கடிக்கிறனீங்கள்?”

“சோறு.”

“சோறு கடிச்சு இப்பிடிப் பிளக்காது அம்மா.”

மல்லாக்கக் கிடந்துகொண்டு, வாயில் ஒருத்தியின் விரலை வைத்துக்கொண்டு பொய் சொல்லுவது கடினம் என்று ஜெனீற்றாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகட்டில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வலைக்கு ஈயம் கட்டுறனாங்கள்.”

“கட்டுறது கையாலதானே?”

“கடிச்சுத்தான் பூட்டுறது. கனபேர் அப்பிடித்தான்.”

“வாய்க்குள்ள வைக்கிறனீங்களோ? எவ்வளவு காலமா?”

“பெரியபிள்ளையானதில இருந்து.”

டொக்டர் பெட்டை எழும்பிப் போய் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து கையில் தந்தாள். கீழுதட்டைத் தன் விரலால் மெல்ல இறக்கினாள். ஜெனீற்றா தன் வாயை இப்படி வெளிச்சத்தில் பார்த்ததில்லை. பல்லும் முரசும் சேருகிற இடத்தில், ஒவ்வொரு பல்லுக்கும் கரை கட்டினதுபோல, கருநீலமாக ஒரு கோடு ஓடியது.

“தெரியுதோ? இதுதான். ஈயம் உடம்பில ஊறினால் வாற கோடு. நான் புத்தகத்தில படமாத்தான் பாத்தனான். ஒரு வாயில இப்பதான் முதல்தரம்…” அந்தப் பிள்ளையின் குரல் துள்ளியது. துள்ளினது தனக்கே கேட்டதுபோல நிறுத்திக்கொண்டாள். ஆனாலும் கை போய் மேசையில் கிடந்த போனை எடுத்தது. “ஒரு படம் எடுக்கட்டோ அம்மா? முகம் விழாது. வாய் மட்டும்.”

உதடு ஏற்கெனவே அவளுடைய விரலில் இருந்தது. உதட்டைக் கொடுத்துவிட்டு ஓம், இல்லை சொல்வது எப்படி? போன் இரண்டு முறை மின்னியது. மீன் ஏலம் போகிற இடத்தில் செவிளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; ஜெனீற்றாவும் பார்த்திருக்கிறாள். மீனுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

அதற்குப் பிறகு கேள்விகள். அடிவயிறு குத்துகிறதா? ஓம். வெளிக்குப் போகக் கஷ்டமா? ஓம். மணிக்கட்டுச் சோர்கிறதா? ஓம். இவையெல்லாம் வருத்தம் என்று ஜெனீற்றா நினைத்ததே இல்லை. எழுவைதீவில் அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் உள்ளதுதானே, வேலை செய்தால் நோகத்தானே செய்யும் என்றுதான் இருந்தாள்.

“பிள்ளையள்?”

“ஒண்டுதான்.”

“வயித்தில தங்காமல் ஏதும் போனதோ?”

ஜெனீற்றா பல்லியைத் தேடினாள். அது இல்லை.

டொக்டர் பெட்டை இன்னொரு கதிரையை இழுத்துக் கிட்ட இருந்து, முகமூடியைக் கழற்றினாள். சின்ன முகம், மூக்கு நுனியில் வியர்வை. “நான் உங்களைப் பயப்பிடுத்த இல்லை. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினால்தான் சரியாச் சொல்லலாம். ஆனா ஈயம் இரத்தத்தில கூடினால் வயித்துப் பிள்ளைக்கும் போகும். சிலவேளை தங்காது. தங்கினாலும் பிள்ளையின்ர மூளைக்குக் கூடாது. கெதியாக் கண்டால் செய்ய வழி இருக்கு.” கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “வெளியில இருக்கிற கர்ப்பிணி மகளோ?”

“ஓம்.”

“அவவும் ஈயம் கட்டுறவவோ? கட்டுறவ எண்டால் இப்பவே கூப்பிடுங்கோ. வாயை நான் பாக்கிறன். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.”

போன் இன்னும் அவளுடைய கையில் வெளிச்சமாக இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் தன் வாயைத் தலைகீழாகக் கண்டாள் ஜெனீற்றா. இப்போது கூப்பிட்டால் யூலியானா சிரித்துக்கொண்டே வருவாள். இந்தக் கதிரையில் சாய்வாள். கண்ணாடி கையில் கொடுக்கப்படும். கேள்விகள் வரும், தங்காமல் போனதோ என்று இந்தப் பிள்ளை கேட்கும். யூலியானா முட்டாள் இல்லை. முதலாவது ஏன் போனது என்று அந்த இடத்திலேயே கூட்டிப் பார்த்துவிடுவாள். வாயில் ஈயத்தை வைத்தது யார், ‘இந்தப் பக்கம் அடை, இந்தப் பக்கம் கடி’ என்று கன்னத்தைப் பிடித்துப் பழக்கினது யார் என்று திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை ஜெனீற்றாவால் இப்போதே காண முடிந்தது. அதற்குப் பின்னால் கோயில் முற்றமும், றெக்ஷனின் தாயும், பூசைக்கு வந்த சனமும்.

“இல்லை,” என்றாள். “அவள் தைக்கிறவள். சட்டை.”

முதல் பொய்க்குத் திணறிய நாக்கு, இதை ஈயத்தைத் தள்ளிக் கொடுப்பதுபோல லேசாகத் தள்ளிக் கொடுத்தது.

“அப்ப நல்லம்,” என்றாள் டொக்டர் பெட்டை. உண்மையாகவே அவளுக்கு ஆறுதல். “நீங்கள் அடுத்த கிழமை வாங்கோ, இரத்தம் எடுப்பம். அதுவரைக்கும் ஈயம் தொடக்கூடாது.”

ஊசி போட்டுப் பல்லைக் கழற்றும்போது பரமலிங்கம் டொக்டரின் கை நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரே இழுவை. இந்தப் பிள்ளைக்குப் பலம் காணாது. பிளந்த பல் பாதி வர, மீதி பாதி உள்ளே நின்றது. கதிரையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, “நொந்தால் கையைத் தூக்குங்கோ, நொந்தால் கையைத் தூக்குங்கோ” என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே உலுப்பினாள். நொந்தது. ஜெனீற்றா கையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு, இது எனக்குக் காணாது, இன்னும் நோகட்டும் என்றே கிடந்தாள்.

“பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடியுங்கோ. கதைக்கக் கூடாது.”

வெளியே வந்தபோது சிவபாதம் எழும்பி நின்றார். “உயிரோட விட்டிட்டாவே! என்ன கேட்டவ?” ஜெனீற்றா வாயைக் காட்டிக் கையை விரித்தாள். “வாயையும் கட்டிப்போட்டா,” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெற்றிக்குப் போகிற தெருவில் நிழல் இல்லை. படகுக்கு நேரமாகிவிட்டது. யூலியானா ஒரு கையால் குடையைப் பிடித்துத் தாய்க்கும் தனக்குமாகச் சரித்துக்கொண்டு, மறுகையை இடுப்பில் ஊன்றி, அந்த மாதத்து நடையில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நடந்தாள். தாயால் கதைக்க ஏலாது என்பது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

“முதலாளி போன் எடுத்தவர் அம்மா. வலையைக் கெதியாத் தரட்டாம். உங்களுக்குப் பல்லுக் கழட்டினது எண்டு சொன்னன். அந்தாள் என்ன கேட்டது தெரியுமே? ‘மற்றப் பக்கத்தால கடிக்க ஏலாதோ’ எண்டு.” சிரித்தாள். “நான் சொல்லிப்போட்டன், அம்மான்ர பங்கையும் நானே முடிக்கிறன் எண்டு.”

ஜெனீற்றா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று கையையும் ஆட்டினாள்.

“எனக்கென்ன, இருந்த இடத்தில இருந்து செய்யிற வேலைதானே. நீங்கள் சும்மா படுங்கோ. இவரும் ஒரு கிழமை தொழிலுக்குப் போகேல்லை, காத்து. ஈயக் காசும் வந்தால்தானே வீட்டில ஏதும்.”

பஞ்சு ஊறிவிட்டது. இரும்புபோலவும் உப்புப்போலவும் இருந்தது வாய். வீட்டுக்குப் போய்க் குறட்டைக் கையில் கொடுத்தால் போதும் என்று ஜெனீற்றா நினைத்தாள். காரணம் சொல்லத் தேவையில்லை. ‘அம்மா சொல்லுறன், இனிப் பல்லால கடிக்காதே.’ கேட்பாள். இனிமேல் கடிக்கமாட்டாள். ஆனால் இதுவரை கடித்தது? ஐந்து மாதமாகக் கொடுப்புக்குள் அடைத்து வைத்திருந்தது? அது எங்கே போயிருக்கும்? ‘கெதியாக் கண்டால் வழி இருக்கு’ என்றாளே. கெதி என்றால் எவ்வளவு? அடுத்த கிழமை கெதியா? நாளைக்குக் காலைப் படகு கெதியா? யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒருத்தி அந்தக் கிளினிக்கில் சிவபாதத்தின் வாய்க்குள் குனிந்துகொண்டு நிற்கிறாள். அவளிடம் யூலியானா சட்டை தைக்கிறவள்.

சிலவேளை ஒன்றும் இராது. யூலியானா இளம் உடம்பு. தாயைப்போல அவ்வளவு காலம் வாயில் வைத்தவளும் இல்லை. சிலவேளை அவளுடைய வாயில் அந்தக் கோடே இராது.

ஜெற்றியில் படகு இயந்திரத்தைப் போட்டு நின்றது. அரிசி மூடையும், ஒரு புதுச் சைக்கிளும், நாலைந்து சனமும் ஏறியாயிற்று. கயிற்றைக் கையில் வைத்திருந்த படகுக்காரன், “எழுவைதீவு ஏறுங்கோ, ஏறுங்கோ” என்று கத்தினான். இவர்களைக் கண்டு, “ஜெனீற்றாக்கா, எட்டி நடவுங்கோ! பல்லுத்தானே போனது, காலோ?” என்றான். படகில் இருந்த சனம் சிரித்தது.

யூலியானா குடையை மடக்கிப் படகில் இருந்த ஒருத்தியிடம் நீட்டிவிட்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, படகின் விளிம்பில் காலை வைத்தாள்.

ஜெனீற்றா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“என்னம்மா?”

இழுத்த வேகத்தில் யூலியானா தடுமாறிச் சீமெந்துத் தரைக்கு வந்தாள். தாய் அவளுடைய தோள் இரண்டையும் பிடித்து வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாள். தாடையைப் பிடித்தாள். கட்டைவிரலால் கீழுதட்டை இறக்கினாள்.

“அம்மா! என்ன விசரே? சனம் பாக்குது!” யூலியானா தலையை உதறினாள். தாயின் பிடி விடவில்லை. “விடுங்கோ… ஆ…”

முன்பக்கம் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. நல்ல சிவப்பு, குழந்தைப்பிள்ளையின் முரசுபோல. ஜெனீற்றாவுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு நிறுத்தியிருக்கலாம். படகு நின்றது, குடை படகில் இருந்தது, ஏறியிருக்கலாம். கட்டைவிரல் நிற்கவில்லை. அது கன்னத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. ஈயம் கடிக்கிற அந்தப் பக்கம், கடைவாயின் அடியில், முழு வெயிலும் விழுந்த இடத்தில், பென்சிலைக் கூராக்கிக் கீறினதுபோல, மெல்லிசாக, நீலமாக.

“வாறீங்களோ, இல்லையோ?” என்றான் படகுக்காரன். பிறகு அவனே, “சரி, பின்னேரப் படகுக்கு வாங்கோ,” என்று கயிற்றைச் சுருட்டி உள்ளே எறிந்தான். குடையை வாங்கி வைத்திருந்தவள் அதை ஜெற்றிக்கு எறிய, அது சீமெந்தில் விழுந்து உருண்டது.

ஜெனீற்றா பஞ்சைத் துப்பினாள். சொல்ல வாயைத் திறந்தாள். விறைத்த உதடு சொல்லைப் பிடிக்கவில்லை. திறந்த வாயிலிருந்து இரத்தம்தான் வந்து நாடியால் வழிந்தது. யூலியானா எதிர்ப்பதை விட்டிருந்தாள். தாயின் கட்டைவிரல் இன்னும் தன் வாய்க்குள் இருக்க, வாயை ஆவென்று திறந்தபடியே, தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சட்டைக் கையை இழுத்து அந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டாள். அது திரும்ப வழிந்தது. அவள் திரும்பவும் துடைத்தாள்.